ஆல்ப் துவேஸ்: குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, ஜூலையில் சைக்கிள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டூர் டி பிரான்ஸ் (மூன்று வாரம், நாளுக்கு ஒரு பந்தயமாக நடக்கும் சைக்கிள் போட்டி, கூட்டு நேரம் குறைந்தவருக்குப் பட்டம்) பார்க்க ஆரம்பித்த நண்பர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், டிசம்பர் வந்தால் வேறு ஒரு கூட்டம் பனிச்சறுக்கு பற்றிக் கேட்கிறது. இரண்டு கூட்டமும் கேட்பது ஒரே ஊரைப் பற்றித்தான் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த ஊருக்குக் கோடையில் ஒரு முறையும் பனியில் ஒரு முறையும் போயிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன், இனிமேல் கேட்டால் இதைக் காட்டிவிடலாம்.

முதலில், பெயரை எப்படிச் சொல்வது?

ஆல்ப் துவேஸ். உவேஸ் என்பது கீழே இருக்கும் பழைய கிராமத்தின் பெயர், ஆல்ப் என்றால் மாடுகளைக் கோடையில் மேய விடும் உயர்ந்த மேய்ச்சல் நிலம், ஆக உவேஸ்காரர்களின் மேய்ச்சல் காடு. துவேஷத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சைக்கிளில் ஏறும்போது வேண்டுமானால் வரும்.

எங்கே இருக்கிறது?

பிரான்ஸின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலையில், கிரெனோபிள் நகரத்துக்குப் பக்கத்தில். அடிவாரத்தில் பூர் துவாசான் என்று ஒரு சின்ன ஊர், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேலே. அங்கிருந்து மலைச்சுவரில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறிப் போனால் 1860 மீட்டரில் ஓட்டல்களும் அடுக்குமாடிகளும் நிறைந்த ரிசார்ட். அதற்கும் மேலே, கேபிள் காரில் போகக்கூடிய பிக் பிளான் சிகரம், 3330 மீட்டர்.

அழகான ஊரா என்று கேட்டால், மலை அழகு, ஊர் அவ்வளவு இல்லை. 1960களிலும் 70களிலும் அவசரமாகக் கட்டிய கான்கிரீட் கட்டடங்கள் நிறைய. பனி மூடியிருக்கும்போது தெரியாது, ஜூலையில் பளிச்சென்று தெரியும்.

பனிச்சறுக்கு ரிசார்ட்டில் எதற்கு சைக்கிள் பந்தயம்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

பனி ரிசார்ட்டுக்கு வருமானம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மீதி மாதங்களில் படுக்கைகள் காலி, சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிப்ட்டின் கம்பங்கள் புல்வெளியில் சும்மா நிற்கும். 1952-இல் ஜார்ஜ் ரஜோன் என்ற உள்ளூர் ஓட்டல்காரரும் இன்னும் சிலரும் டூர் நடத்துபவர்களிடம் பேசி, ஒரு நாள் பந்தயத்தை எங்கள் ஊரில் முடியுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். கோடையிலும் இந்த ஊர் இருக்கிறது என்று நாட்டுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அதுவரை டூர் மலை உச்சியில் முடிந்ததே கிடையாது. மலையைத் தாண்டி, இறங்கி, பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு ஊரில்தான் முடியும். அதனால் ஏற்றத்தில் பின்தங்கியவர்கள் இறக்கத்தில் பிடித்துவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், டூர் நடத்துபவர்களுக்கும் பனி ரிசார்ட் தேவை. உச்சியில் பந்தயத்தை முடிப்பது என்றால் வெறும் கோடு போட்டால் போதாது: லாரிகள், டிவி வண்டிகள், அணிப் பேருந்துகள், பத்திரிகைக்காரர்கள், எல்லோருக்கும் இடம் வேண்டும், இரவு படுக்க அறை வேண்டும், கனரக வண்டி ஏறும் தார் ரோடு வேண்டும். வெறும் கணவாயின் உச்சியில் பெரும்பாலும் ஒரு பலகையும் ஒரு டீக்கடையும்தான் இருக்கும். பனி ரிசார்ட்டில் பெரிய பார்க்கிங், ஆயிரக்கணக்கான படுக்கை, அகலமான ரோடு, எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் ஜூலையில் காலியாக. போதாக்குறைக்கு ரிசார்ட்டே பணமும் கொடுக்கும். இன்று டூரிலும், இத்தாலியின் இதேபோன்ற போட்டியான ஜீரோ டி இத்தாலியாவிலும் நீங்கள் பார்க்கும் உச்சி முடிவுகளில் பல பனி ரிசார்ட்டில் வருவதற்கு இதுதான் காரணம்.

அந்த முதல் பந்தயத்தில் என்ன நடந்தது?

இத்தாலியின் பவுஸ்தோ கோப்பி ஜெயித்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆரம்பித்து 266 கிலோமீட்டர், கடைசியில் இந்த ஏற்றம். முந்தின நாள் மஞ்சள் ஜெர்சி (கூட்டு நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடுவது) கோப்பிக்கு உதவியாக அதே அணியில் ஓட்டிய ஆந்திரேயா கரேயாவுக்குப் போயிருந்தது. தலைவரை மீறிவிட்டோமே, என்ன சொல்வாரோ என்று அந்த மனிதர் அழுதேவிட்டார். மறுநாள் கோப்பி இந்த மலையில் பிரெஞ்சுக்காரர் ழான் ரோபிக்கை விட்டுத் தனியாகப் போய், ஜெயித்து, மஞ்சள் ஜெர்சியையும் எடுத்துக்கொண்டார், கரேயாவைவிட வெறும் 5 வினாடி முன்னிலையில்.

அந்த ஆண்டு மூன்று உச்சி முடிவுகள்: இது, இத்தாலியில் செஸ்த்ரியேரே, அப்புறம் பூய் தெ தோம் எரிமலை. மூன்றையும் கோப்பியே ஜெயித்தார், மொத்தத்தில் 28 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். இவ்வளவு ஒருதலைப்பட்சமாகப் போனால் யார் பார்ப்பார்கள் என்று கவலைப்பட்ட அமைப்பாளர்கள் இரண்டாம் இடத்துக்கான பரிசுப் பணத்தை நடுவிலேயே ஏற்றினார்கள். ஆல்ப் துவேஸுக்கு டூர் திரும்ப வர 24 ஆண்டு ஆனது. 1976-இல் வந்தது, அதற்குப் பிறகு போகவே இல்லை என்று சொல்லலாம்.

ஏற்றம் எவ்வளவு நீளம், எவ்வளவு செங்குத்து?

13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரம். மொத்தம் 1100 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். 21 கொண்டை ஊசி வளைவுகள். எண் தலைகீழாகப் போகும், கீழே 21, மேலே 1, ராக்கெட் விடுவதற்கு எண்ணுவதுபோல.

சராசரியை நம்பாதீர்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், பூர் துவாசானிலிருந்து சமதரையில் ஜாலியாக வந்து ரவுண்டானா தாண்டியதும் ரோடு சுவர்போல எழும்பும். அங்கே உற்சாகத்தில் மிதித்தவர்கள் லா கார்த் கிராமம் இருக்கும் 16-ஆவது வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்க்கலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஒரு நல்ல விஷயம், வளைவுகள் ஏறக்குறைய சமதரையாக இருக்கும், ஒவ்வொரு வளைவிலும் நாலைந்து மிதி இலவசமாகக் கிடைக்கும்.

வளைவுகளில் இருக்கும் பெயர்ப் பலகைகள் யாருடையவை?

இங்கே ஜெயித்தவர்களுடையவை. கீழே 21-இல் கோப்பி, அப்படியே வரிசையாக மேலே. 1999-இல் ஜுசெப்பே குவெரினியோடு 1-ஆம் எண் வளைவு வந்துவிட்டது. இவர் கடைசிக் கிலோமீட்டரில் தனியாக வந்துகொண்டிருந்தபோது படம் எடுக்க ரோட்டின் நடுவில் நின்ற ஒரு பார்வையாளர்மேல் மோதி விழுந்து, எழுந்து, அப்படியும் ஜெயித்தவர். 21 வளைவும் தீர்ந்துபோனதால் 2001-இலிருந்து மறுபடி கீழே இருந்து இரண்டாவது பெயர் சேர்க்கிறார்கள். அதனால் கோப்பியின் பலகையில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பெயர். ஊக்கமருந்துக்காக அவருடைய டூர் பட்டங்களை எல்லாம் பறித்துவிட்டார்கள், பலகை மட்டும் எனக்குத் தெரிந்து அப்படியே நின்றது.

இதை ஏன் டச்சுக்காரர்களின் மலை என்கிறார்கள்? ஹாலந்தில் மலையே கிடையாதே?

அதுதான் வேடிக்கை. 1952 முதல் 1989 வரை இங்கே நடந்த முதல் 14 முடிவுகளில் 8 டச்சுக்காரர்களுக்கு. யோப் சூட்டெமெல்க், ஹென்னி கைப்பர், பீட்டர் வின்னன் ஆளுக்கு இரண்டு, ஸ்டீவன் ரூக்ஸும் கெர்ட்-யான் தியூனிஸவும் ஆளுக்கு ஒன்று. கைப்பரின் 1978 வெற்றிக்குப் பின்னால் ஒரு கூத்து இருக்கிறது. அன்று முதலில் வந்தது பெல்ஜியத்தின் மிஷெல் பொல்லென்டியே, மஞ்சள் ஜெர்சியும் அவருக்கே. ஆனால் மருந்துச் சோதனைக்குப் போனபோது அக்குளில் ரப்பர்க் குடுவை, அதில் வேறொருவரின் சிறுநீர், ஒரு குழாய் என்று மாட்டிக்கொண்டார். பந்தயத்திலிருந்தே வெளியேற்றினார்கள், வெற்றி கைப்பருக்குப் போனது.

ஊரின் நவீன கான்கிரீட் தேவாலயத்தில் அப்போது இருந்த பாதிரியாரும் டச்சுக்காரர், தன் ஊர்க்காரர் ஜெயித்தால் மணி அடிப்பார். இப்படியே டச்சு ரசிகர்கள் வருடா வருடம் வந்து, 7-ஆவது வளைவையே சொந்தமாக்கிக்கொண்டார்கள். டிவியில் ஆரஞ்சு நிறமாக, புகையும் பாட்டும் பீருமாகத் தெரிவது அந்த இடம்தான். பலகையில் இருப்பதோ இத்தாலியர் ஜியானி புன்யோ பெயர்.

1989-க்குப் பிறகு இங்கே ஒரு டச்சு ஆணும் ஜெயிக்கவில்லை. ரசிகர்கள் வருவது மட்டும் குறையவில்லை. 2024 ஆகஸ்டில் பெண்கள் டூரின் கடைசி நாள் இங்கே முடிந்தபோது டச்சுக்காரர் டெமி வோலரிங் ஜெயித்தார், ஆனால் போலந்தின் காஷா நியேவியாடோமா பின்னால் விடாமல் ஏறி வந்து மொத்தத்தில் 4 வினாடி வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்துக்கொண்டார். ஆண்கள் டூரிலும் இவ்வளவு குறைந்த வித்தியாசம் வந்ததில்லை, 1989-இன் 8 வினாடிதான் அங்கே குறைவு. நான் பார்த்த ஆல்ப் துவேஸ் முடிவுகளில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

மற்றபடி எந்தப் பந்தயங்களைத் தேடிப் பார்க்கலாம்?

1984: கொலம்பியாவின் லூயிஸ் ஹெர்ரேரா, அமெச்சூராக வந்து எல்லோரையும் உதறிவிட்டு ஜெயித்தார், டூரில் கொலம்பியாவின் முதல் வெற்றி. 1986: ஒரே அணியில் இருந்து ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த பெர்னார் இனோவும் கிரெக் லெமான்டும் கைகோத்துக் கோட்டைத் தாண்டினார்கள். சிரிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், மறுநாளே பழைய சண்டை. 2018: கெரைன்ட் தாமஸ், மஞ்சள் ஜெர்சியோடு இங்கே ஜெயித்தார், பட்டம் பறிபோன ஆம்ஸ்ட்ராங்கைக் கணக்கில் எடுக்காவிட்டால் அப்படி ஜெயித்த முதல் ஆள். அதே நாளில் கூட்ட நெரிசலில் வின்சென்சோ நிபாலி கீழே விழுந்து, முதுகெலும்பு முறிந்த நிலையிலேயே மேலே வரை ஓட்டி, பந்தயத்தை விட்டுப் போனார். 2022: டாம் பிட்காக், ஏற்றத்தைவிட அவர் முன்னால் கலிபியே கணவாயிலிருந்து இறங்கியதைப் பாருங்கள்.

2026 டூருக்கு அறிவித்த பாதையில் அடுத்தடுத்த இரண்டு நாள் இங்கேயே முடிவு. இது புதுசு இல்லை, 1979-லேயே செய்தார்கள். 2013-இல் ஒரே நாளில் இரண்டு முறை ஏறவும் வைத்தார்கள்.

வேகமாக ஏறியவர் யார்? நாம் ஏறினால் எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லோரும் சொல்வது மார்கோ பந்தானியின் 37 நிமிடம் 35 வினாடி. ஆனால் எங்கே கடிகாரத்தை ஆரம்பிப்பது என்பதிலேயே சண்டை இருக்கிறது. 1998 டூரில் எடுத்த அவருடைய மாதிரிகளில் ஈபிஓ (ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் ஊக்கமருந்து) இருந்ததாக 2013-இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டது. 90களின் நேரங்களை எல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள்.

நமக்கு? 70 கிலோ ஆள், 9 கிலோ சைக்கிள் என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் ஏற உயரத்துக்கு மட்டும் சுமார் 240 வாட், காற்றும் டயரும் அதற்கு மேல். ஒன்றரை மணி நேரம் எடுத்தால் 160 வாட்டும் கொஞ்சமும். வாரத்தில் மூன்று நாள் ஓட்டுபவருக்கு ஒன்றரை மணி நேரம் கௌரவமான நேரம். எனக்கு அதற்கும் மேலே ஆனது, படம் எடுக்க நின்றேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கியர் விஷயத்தில் கௌரவம் பார்க்காதீர்கள். முன்னால் 34, பின்னால் குறைந்தது 32 பல் இருக்கட்டும். எனக்கு வாடகைக்குக் கொடுத்த வண்டியில் பின்னால் 28தான் இருந்தது, ‘எல்லோரும் இதில்தான் ஏறுகிறார்கள்’ என்று கடையில் சொன்னதை நம்பியதன் பலனை அடுத்த நாள் முழுக்க முழங்காலில் அனுபவித்தேன். மின்சார சைக்கிளும் கிடைக்கும், யாரும் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள். தெற்குப் பார்த்த சரிவு, நிழல் குறைவு, ஜூலையில் காலை எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள். இறங்கும்போது காற்று வெட்டும், மெல்லிய ஜாக்கெட் ஒன்று முதுகுப் பையில் இருக்கட்டும்.

பந்தய நாளில் போகலாமா? டிக்கெட் உண்டா?

டிக்கெட் கிடையாது, ரோட்டோரம் நிற்பது இலவசம். ஆனால் கேம்பர் வேன்காரர்கள் பல நாள் முன்பே வந்து ஓரத்தைப் பிடித்துவிடுவார்கள், ரோடு மூடப்படும், கடைசியில் நடந்துதான் ஏற வேண்டும். லட்சக்கணக்கில் கூட்டம். வீரர்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் விளம்பர வண்டிகள் வரிசையாக வந்து தொப்பி, பிஸ்கட், சாவிக் கொத்து எறியும், பெரியவர்களே குழந்தைகளைத் தள்ளிவிட்டுப் பொறுக்குவார்கள். ஏற்றம் என்பதால் வீரர்கள் மெதுவாக வருவார்கள், சிதறி வருவார்கள், முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை நன்றாகவே பார்க்கலாம். சமதரையில் ஐந்து வினாடியில் முடிந்துபோகும் காட்சி இங்கே அரை மணி நேரத்துக்கு மேல் நீளும்.

தயவுசெய்து கூட ஓடாதீர்கள், முதுகில் தட்டாதீர்கள், கேமரா வார் தொங்கவிட்டு எட்டிப் பார்க்காதீர்கள். நிபாலி கதை மேலே சொன்னேன்.

இரவில் இறங்குவது தனிக் கொடுமை. தங்க இடம் இல்லாமல் போனால் நள்ளிரவுவரை வண்டி நகராது. என்னைக் கேட்டால் பந்தயத்தை டிவியில் பார்த்துவிட்டு வேறொரு நாள் போய் ஏறுவது மேல்.

சரி, பனிச்சறுக்கு எப்படி?

சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து சுமார் 250 கிலோமீட்டர் சறுக்குத்தடம். கற்றுக்கொள்பவர்களுக்கு ஊரை ஒட்டியே அகலமான, மெத்தென்ற பச்சைத் தடங்கள், முதல் முறை பனியைப் பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் குறைவு. பிரான்ஸில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கஷ்டம் கூடும், அதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1936-லேயே இங்கே இழுவை லிப்ட் வைத்துவிட்டார்கள், அதைச் செய்த ழான் பொமகால்ஸ்கியின் பெயரிலிருந்து வந்ததுதான் இன்று உலகம் முழுக்க லிப்ட்டுகளில் காணும் போமா என்ற பெயர்.

கைதேர்ந்தவர்கள் வருவது சரென் தடத்துக்காக: பிக் பிளானிலிருந்து 16 கிலோமீட்டர், கறுப்புத் தடம். உண்மையைச் சொன்னால் மேல்பகுதிதான் கறுப்பு, கடைசியில் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய தட்டையாக, கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பயம் வேண்டும் என்றால் மலையைக் குடைந்த குகை வழியாகப் போய்ச் சட்டென்று செங்குத்தில் இறக்கிவிடும் டனல் தடம் இருக்கிறது. நான் அதன் வாயில்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுக் கேபிள் காரில் திரும்பினேன், அதற்காக வருத்தமில்லை.

தெற்குப் பார்த்த ஊர் என்பதால் ‘சூரியத் தீவு’ என்று விளம்பரம் செய்வார்கள். வெயில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மார்ச்சுக்குப் பிறகு மதியம் பனி குழைந்து கஞ்சியாகிவிடும், காலையிலேயே சறுக்கி முடித்துவிட வேண்டும். இந்த வெயிலின் குணம் 1968-லேயே தெரிந்தது. கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக்கின் பாப்ஸ்லெட் (பனிக்கட்டித் தடத்தில் சறுக்குவண்டி ஓட்டும்) போட்டி இங்கே நடந்தபோது தடத்தின் பனி வெயிலில் இளகி, விடியுமுன் ஓட்ட வேண்டியதாயிற்று. நால்வர் போட்டியை இரண்டு ஓட்டத்தோடு முடித்துக்கொண்டார்கள். இருவர், நால்வர் என்ற இரண்டு போட்டியின் தங்கமும் இத்தாலியின் எவ்ஜெனியோ மோந்திக்கு, அப்போது அவருக்கு 40 வயது.

கோடையில் பனியில் சறுக்க முடியுமா?

ஒரு காலத்தில் முடிந்தது, சரென் பனியாற்றில் ஜூலையில்கூட லிப்ட் ஓடியது. அந்தப் பனியாறு கிட்டத்தட்ட கரைந்தே போய்விட்டது. பத்து, இருபது ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிறு கலங்கும். கோடை இந்த ஊருக்கு முன்பைவிட முக்கியமாகிவிட்டதில் அதற்கும் பங்கு உண்டு.

டூர் தவிர வேறு என்ன பந்தயம்?

நாமே கலந்துகொள்ளக் கூடியது லா மார்மோத், 1982 முதல் நடக்கிறது, ஒரே நாளில் சுமார் 175 கிலோமீட்டர், கிளாந்தோன், கலிபியே கணவாய்கள் எல்லாம் ஏறி இறங்கிக் கடைசியில் இந்த ஏற்றம், மொத்தம் 5000 மீட்டர் உயரம். டச்சுக்காரர்கள் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட ஒரே நாளில் ஆறு முறைவரை ஏறும் ஆல்ப் துசெஸ் என்ற நிகழ்ச்சியும் உண்டு, செஸ் என்றால் அவர்கள் மொழியில் ஆறு. மெகாவலான்ஷ் வேறு ரகம்: மவுண்டன் பைக்கில் பிக் பிளானின் பனிமேல் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகக் கிளம்பி 2600 மீட்டர் கீழே வரை இறங்குவது. முதல் சில நிமிடக் காணொளியைப் பாருங்கள், பாதிப் பேர் உட்கார்ந்தபடிதான் இறங்குகிறார்கள்.

எப்படிப் போவது?

பாரிஸிலிருந்து கிரெனோபிளுக்கு டிஜிவி அதிவேக ரயில், சுமார் மூன்று மணி நேரம், அங்கிருந்து பேருந்து. விமானம் என்றால் லியோன் வசதி. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும், கோடை நெருக்கடியில் தேதி கிடைக்காது, முன்பே பாருங்கள். குளிர்காலத்தில் கார் ஓட்டினால் நவம்பர் முதல் மார்ச் இறுதிவரை பனி டயரோ சங்கிலியோ கட்டாயம். சனிக்கிழமை ஏறாதீர்கள், வாரத்துக்கு அறை எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் மாறுவார்கள், 21 வளைவிலும் பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்கும்.

மேலே போனதும் முடிவுக்கோடு எங்கே?

நிறையப் பேர் ஏமாறும் இடம். 1-ஆம் எண் வளைவு முடிந்து காபிக்கடைகளும் சைக்கிள் ஜெர்சி விற்கும் கடைகளும் வந்ததும் எல்லோரும் இறங்கி, கைதட்டி, படம் எடுத்து, பீர் வாங்கிவிடுகிறார்கள். டூர் முடிவது அங்கே இல்லை. ஊருக்குள்ளேயே இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய், ரவுண்டானாவில் இடப்பக்கம் திரும்பி, ரிஃப் நெல் அவென்யூவில் விளையாட்டு அரங்கம் பக்கம் போக வேண்டும். நான் முதல் நாள் கடைத்தெருவிலேயே நின்று வீட்டுக்குப் படம் அனுப்பிவிட்டு, இரவு வரைபடத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலை வலிக்கிற முழங்காலோடு அந்த மிச்சத்தை நடந்தே போய் முடித்தேன்.